பதினொரு மணி முட்டை

நாமக்கல் ஆய்வுக்கூடத்தில் மூன்று கோழிமுட்டைகள். மூன்றிலும் வளர்வது லாரி ஓட்டுநர் செங்கோடனின் புற்றுக்கட்டித் துணுக்கு. கட்டிக்குக் குருதி கொடுக்கும் குழாய்களை வளரவிடாமல் தடுப்பது எது என்றறிய, முட்டைக்கு ஒன்றாக மூன்று ஹார்மோன் மருந்துகள் இடப்பட்டிருந்தன. நோயாளியின் கண்முன்னேதான் முட்டையோட்டைத் திறக்க வேண்டும் என்பது சட்டம்.

பதினொரு மணி. மனைவி பாவாயி குறுக்கே நின்றார்.

"வெள்ளிக்கெழம ராகு காலமுங்க. பன்னெண்டு தாண்டித் தொறங்க."

"தாண்டுனா மருந்தோட நேரக் கணக்கு தப்பி சோதன வீணுங்கம்மா. மறுபடி பத்து நாளு," என்றார் ஆய்வாளர் சுடர்விழி. "அதுவரைக்கும் கட்டி பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமுங்களா?"

செங்கோடன் சிரித்தார். "தொறங்கம்மா. நான் எமகண்டத்துல பொறந்தவனுங்க."

நூற்றாண்டுகளாய் நம் நெஞ்சை ஆண்ட அச்சம், ஓர் ஓட்டின் திறப்பில் உடையுமா? உடைந்தது!

முதலிரண்டு முட்டைகளில் செந்நூல் போன்ற குழாய்கள் கட்டியைப் பின்னிப் பிணைந்து கிடந்தன. மூன்றாவதில் அவை பாதிவழியிலேயே நின்றுவிட்டன. பசியால் வாடிய கட்டி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"இந்த மருந்துதானுங்க. ஊசி எப்பப் போடலாம்? பன்னெண்டுக்கு மேலயா?" பாவாயியைப் பார்த்துக் கேட்டார் சுடர்விழி.

பாவாயி கணவரின் சட்டைக் கையைத் தாமே மடித்துவிட்டார்.

"கைய நீட்டுங்க மாமா."