கருப்பாயி கேட்டது

“கெராணியம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேள், கருப்பாயி.”

“…வேணாம்மா. இன்னொரு நாளைக்குக் கேக்குறேன்.”

சத்தியபாமாவின் பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்த நாளில் நடந்த பேச்சு இது. தவழ்ந்தபோதும் இதே பேச்சு, பல் முளைத்தபோதும் இதே பேச்சு. ஒவ்வொரு முறையும் கருப்பாயியின் பார்வை சத்தியபாமாவின் தோளைத் தாண்டி அடுப்படிக்குப் போய்த் திரும்பும்.

சோற்றுப் பானையைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, சத்தியபாமா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள். கருப்பாயி கஞ்சியோடு சேர்த்துக் கேட்க வந்ததையும் விழுங்கிக்கொண்டு தோட்டக் கூலிகளின் லயத்துக்குத் திரும்பிவிடுவாள்.

இன்றைக்கு விட்டால் இனிக் கேட்க முடியாது. மலாயாவில், ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சத்தியபாமாவின் கணவர் கனகசுந்தரத்தை, ஜப்பான்காரர்கள் ஜொகூர் பாருவுக்கு மாற்றிவிட்டார்கள். வாசலில் கரியில் ஓடும் லாரி புகை கக்கிக்கொண்டு நின்றது. சாமான்கள் ஏறியாயிற்று.

பின்வாசல் படியில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கருப்பாயி கடைசித் தடவையாகப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏய் குட்டிக் கெராணி, கடிக்காதடி! பல்லு மொளைச்சதுமே அதிகாரத்தக் காட்டுறியா?”

பிள்ளை பாக்கியம் கிளுகிளுவென்று சிரித்தது. சத்தியபாமாவால்தான் சிரிக்க முடியவில்லை.

பிரசவக் காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிப்போனபோது, எந்தக் கடையிலும் டின் பால் இல்லை. பெற்ற பிள்ளையை அதே வாரம் பறிகொடுத்திருந்த கருப்பாயி, கேட்டதும் லயத்திலிருந்து எழுந்து வந்தாள். அவள் வந்திராவிட்டால் பாக்கியம் பிழைத்திருக்காது.

சத்தியபாமாவும் பிள்ளையைக் கண்ணாகத்தான் பார்த்துக்கொண்டாள். சவுக்காரம் கண்ணில் படாத காலத்திலும் செம்பனை எண்ணெயில் தானே காய்ச்சி எடுத்து, காலையும் மாலையும், பால் குடித்த கையோடு வெந்நீரில் குளிப்பாட்டிவிடுவாள். கிராணி வீட்டுப் பிள்ளையைப்போல் சுத்தமான பிள்ளை எந்தத் தோட்டத்திலும் இல்லை என்று பேர்.

அவள் பயந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விக்கு.

ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்தபோது, வீட்டு வேலைக்கென்று ஒருவனை மட்டும் நிறுத்திக்கொள்ள கனகசுந்தரத்துக்கு அனுமதி கிடைத்தது. “கருப்பாயி பிள்ளைத்தாச்சி. அவளின்ர புருசன் சடையனை நிப்பாட்டுவமே?” என்று அவர் மனைவியைக் கேட்டார்.

“சமையல்காரன் போனால் ஆர் சமைக்கிறது?” என்று சொன்னவள் சத்தியபாமாதான். சடையன் லாரியில் ஏறினான். நிறுத்திவைத்த சமையல்காரனும் மறுமாதமே அரிசி மூட்டையோடு ஓடிப்போனான்.

“இஞ்சேரும்!” வாசலிலிருந்து கனகசுந்தரம் கூப்பிட்டார். “வெந்நீர் கொதிச்சுப்போச்சு. பிள்ளையின்ர அலுவலை முடிச்சுக்கொண்டு கெதியா வாரும்!”

சத்தியபாமா தன் மெல்லிய வாயல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். கருப்பாயியின் இடுப்பில் சுற்றியிருந்தது சாக்குத் துணி.

“எனக்காம்மா? இதக் கட்டிக்கிட்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போனா, கெழங்கு திங்க வர்ற பன்னிகூட ஒதுங்கி வழிவிடும்!” கருப்பாயி சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

மற்ற நாட்களில் பிள்ளை குடித்து முடித்ததும், நிலைப்படியோரம் விரித்த பாயில் கிடத்திவிட்டு நகர்ந்துகொள்வாள்; அதன் பிறகே சத்தியபாமா பிள்ளையைத் தூக்குவாள். இன்றைக்குக் கிடத்தவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேனேம்மா.”

சத்தியபாமா முந்திக்கொண்டாள். “சடையன்ர விசயமெண்டால்… ஐயா ஜொகூர் பாருவில விசாரிப்பார், கருப்பாயி. எப்பிடியும் வந்திடுவான்.”

“வர மாட்டாரும்மா. கூடப் போயித் தப்பிச்சு வந்த ஆளு சொல்லிருச்சு.” அவள் குரலில் கோபம் இல்லை. “சமையக்காரன யாரு நிப்பாட்டச் சொன்னாங்கன்னும் எனக்கு அப்பவே தெரியும். போனது போயிருச்சு. அத ஒங்களால திருப்பித் தர முடியுமா?”

அப்பவே தெரியுமா? தெரிந்தும் தினம் இந்தப் படியில் வந்து உட்கார்ந்தாளா? சத்தியபாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நான் கேக்கப்போறது ஒங்களால முடிஞ்சதுதாம்மா.” கருப்பாயியின் கை பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பிள்ளையைத்தான் கேட்கப்போகிறாள். சத்தியபாமாவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கேட்டால், இல்லை என்று சொல்லத் தனக்கு என்ன வாய் இருக்கிறது?

“கேள்,” என்றாள், காற்றாய்ப்போன குரலில். “என்னவெண்டாலும் கேள்.”

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கருப்பாயியின் பார்வை மறுபடியும் சத்தியபாமாவின் தோளைத் தாண்டி அடுப்படிக்குப் போயிற்று. சத்தியபாமாவும் திரும்பிப் பார்த்தாள்.

சோற்றுப் பானை லாரியில் ஏறிவிட்டிருந்தது. அடுப்பில் வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும், என் கையிலேருந்து வாங்கி, குளிப்பாட்டாம அப்படியே தூக்கிட்டுப் போங்கம்மா.”