நாற்பதாவது உரிமம்

புள்ளியியல் மென்பொருள் தலைக்குள்ளேயே ஓடத் தொடங்கிய பிறகும் பல்கலைக்கழகம் வாங்கியது நாற்பது உரிமங்கள்தான். ஒருவர் தூங்கினால்தான் அவருடைய உரிமம் அடுத்தவருக்குப் போகும்.

“அக்கா, அஞ்சு மணிக்குள்ள ஆய்வேட்டக் குடுக்கணும். நாப்பதும் ஓடிக்கிட்டிருக்கு,” என்று கண்கலங்கி நின்றாள் ஆராய்ச்சி மாணவி நஸ்ரின்.

உரிமங்களைக் கவனிக்கும் தவமணி அலட்டிக்கொள்ளாமல் துறைத்தலைவருக்குப் போன் போட்டாள். “சார், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரையும் உக்காரவச்சு ஆராய்ச்சி நெறிமுறை பத்தி நீங்க கொஞ்சம் பேசணும்.”

அவர் பேச ஆரம்பித்த அரைமணியில் முப்பத்தொன்பது உரிமங்கள் விடுபட்டன. நஸ்ரின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினாள். விடுபடாமல் மிச்சமிருந்தது துறைத்தலைவருடையது மட்டும்.

சற்று நேரத்தில் அதுவும் விடுபட்டது. ஒலிபெருக்கியில் அவர் பேச்சு மட்டும் நிற்கவே இல்லை.