பக்கத்து சீட்டு

குமணன்சாவடியில் கார் சீட்டு தைக்கும் செங்கல்வராயன் கடையில், கிழிந்த இரண்டு தோல் சீட்டுகளை ஆட்டோவிலிருந்து இறக்கினாள் சொர்ணம்.

"புதுத் தோல் போட்டா செலவு தாங்காதும்மா. கிழிசலுக்கு அடியில துணி வெச்சு ஒட்டி, மேல அதே கலர் ரெக்சின் தச்சுடறேன்," என்றார் அவர்.

"அது போதும் அண்ணாத்தே. எங்க ஊட்டுக்காரர் முதுகுல குத்தாம இருந்தா சரி."

"வண்டிய எடுத்தாரச் சொல்லு. நானே மாட்டித் தர்றேன்."

"வண்டி காயலான் கடைக்குப் பூட்ச்சு. அவருக்கு வாதம் வந்து கால் வெளங்கல. இந்த சீட்ட ஜன்னலாண்ட போட்டு ஒக்காந்துகினு, ரோட்டையே பாத்துகினு கீறாரு."

செங்கல்வராயன் இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஒண்ணு போதுமே. இன்னொண்ணு எதுக்கு?"

"அது எனக்கு. அவரு டாக்சி ஓட்டுனப்ப இந்த சீட்டுல எப்பவும் சவாரிதான். அவரு பக்கத்துல ஒக்காந்து போவணும்னு கல்யாணமான நாள்லேர்ந்து ஆசை," என்றாள் சொர்ணம்.