கத்தியா, அம்பா?

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு குக்கர்கூட விசில் அடிக்காது. எதிர்வீட்டு ஓவியாவுக்கு வந்த இரண்டு வரன்களையும் தெருவுக்குச் சொன்னதே நான்தான். இரண்டும் கலைந்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிறு காலை அவள் தம்பி முகிலன் வந்து, "ஆன்ட்டி, கேமுக்கு ஒரு ஆள் குறையுது" என்று பின்தெரு நண்பன் வீட்டுக்கு அழைத்துப்போனான். பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். எனக்குத் திருடி வேடம்.

"காவல்காரனைப் பக்கத்துல போய்க் கத்தியால குத்துவீங்களா, தூரத்துல இருந்து அம்பு விடுவீங்களா?" முகிலன் கேட்டான்.

"தூரந்தான்டா. பக்கத்துல போனா மாட்டிப்போம்." பால்கனியில் நின்றே தெருவை நோட்டம் விட்ட அனுபவம் பேசியது.

"கத்தின்னா அடி பலமா விழும் ஆன்ட்டி."

"அப்ப கத்தி."

"அவன் திருப்பி அடிச்சா செத்துடுவீங்களே?"

இப்படியே மூன்று மணி நேரம். நான் எழுந்தால், "யோசிச்சு சொல்லுங்க ஆன்ட்டி" என்று மறுபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். திடீரென அவன் போனில் ஒரு மெசேஜ். "முடிஞ்சிடுச்சு, கிளம்பலாம்" என்று பகடையைப் பையில் போட்டான்.

எங்கள் தெருவுக்கு வந்தால், எதிர்வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. அவன் அம்மா ஜெயஸ்ரீ லட்டோடு ஓடிவந்தாள்.

"ஓவியாவுக்குத் தட்டு மாத்திட்டோம்க்கா! தெருவுல உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

முகிலன் என் பக்கமே திரும்பவில்லை. கத்தியும் இல்லை, அம்பும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே என்னைக் கவிழ்த்துவிட்டான்.