டிசம்பரில் சிவந்த கழுத்து

இது அந்தி வெளிச்சமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மேசையில் கிடந்த படத்தைப் பார்த்து அதைத்தான் வேண்டிக்கொண்டேன். சாயங்கால வெயில் பட்டால் எந்தக் கழுத்தும் சிவந்துதான் தெரியும்.

ஆனால் பறவை நின்ற தண்ணீர் சாம்பல் நிறம். சேறும் சாம்பல்.

கருவால் மூக்கன். நீண்டு நேரான அலகு, நுனி கறுப்பு. அதில் சந்தேகமில்லை. பறவைக் கணக்கெடுப்பில் இருபது வருடமாக என் வேலையே இதுதான்.

அந்த வருடத்துக் குஞ்சோ? குஞ்சுக்கும் கழுத்தில் லேசாகச் செம்மை இருக்கும்.

வயிற்றைப் பார்த்தேன். குறுக்கே கறுப்புக் கோடுகள். குஞ்சுக்குக் கோடு கிடையாது.

படத்தின் மூலையில் தேதி: டிசம்பர் பதினான்கு. போன மாதம்.

எதிரே இன்ஸ்பெக்டர், டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் என் கணவர். படம் அவர் எடுத்தது. அன்று முழுக்க இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுப்பில் இருந்தாராம். அதற்கு அவருடைய ஒரே சாட்சி இந்தப் பறவை. பறவைக்குச் சாட்சி நான்.

"என் வீட்டுக்காரி மனுஷன் மூஞ்சிய மறந்துடுவா சார், பறவை மூக்க மறக்க மாட்டா. ம், பறவை பேரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

என் தோளில் கணவரின் கை. அழுத்தவில்லை. பழகிய கைதான்.

குளிருக்கு இங்கே வந்து தங்கும்போது இவை புழுதி நிறம். கழுத்து சிவந்து வயிற்றில் கோடு விழுவது திரும்பிப் போகிற நேரத்தில். மார்ச் கடைசி, ஏப்ரல்.

கேமராவில் தேதியை மாற்றத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. என்னோடு பதினைந்து வருடம் குடித்தனம் செய்தும்.

டிசம்பர் பதினான்கில் நான் வேறொரு ஏரியில் இருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு மூக்கன்கள். ஒன்றுக்கும் கழுத்து சிவக்கவில்லை.

எண்ணும்போது நான் போனை எடுப்பதில்லை. எடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

அன்று என் தங்கை மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். அதன் பிறகுதான் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து விழுந்தாள்.

விழுந்தாளா என்று கேட்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார்.

பேனாவை மூடினேன். படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"போட மாட்டேங்க" என்றேன், பின்னால் திரும்பாமல்.