எதிர்வீட்டுச் சுவர்

மெராபி மலைக்கு வயசானதுக்குப் பின்னாலே, நமக்கெல்லாம் வயசாகிறதுக்கு முன்னாலே, யோக்யகர்த்தாவில் ஒரு சந்து இருந்ததாம். சந்தில் எல்லா வீடும் வெள்ளை வெளேரென்று இருந்ததாம், ஒரே ஒரு வீட்டைத் தவிர.

அது வகிராம்மா வீடு.

நோன்பு முடிந்து வரும் லெபரான் பெருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். பெருநாளுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்காதவர் அந்த ஊரில் கிடையாது. வகிராம்மாவின் தெருப்பக்கச் சுவர் மட்டும் வருஷா வருஷம் பாசியும் துருக்கறையுமாக அப்படியே நிற்கும்.

இந்தத் தடவை தெருத் தலைவர் சர்ஜோனோ ஒரு வாளி சுண்ணாம்போடு வந்துவிட்டார். பின்னாலேயே ஏணியைச் சுமந்துகொண்டு பைக் மெக்கானிக் துகிரான்.

"வகிராம்மா, இந்த வருஷம் விடமாட்டோம். ஜகார்த்தாலேர்ந்து எல்லார் வீட்டுப் புள்ளைங்களும் வர்ற நேரம். தெரு மானமே போகுது."

வாசலில் உட்கார்ந்து கெதுபாட் சோறு வேகவைக்கத் தென்னங்குருத்தில் கூடு பின்னிக்கொண்டிருந்த வகிராம்மா நிமிரவில்லை.

"பெருநாளுக்கு வர்றவன் வழக்கப்படி பெரியவ என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்க வர்றானா, என் சுவத்தைப் பிடிச்சுக் கேக்க வர்றானா?"

"எச்சில் கையால காக்கா ஓட்டாத அம்மா!" என்றான் துகிரான்.

"நோன்பு நேரத்துல எச்சில் கைக்கு நான் எங்கடா போவேன்?"

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இதையெல்லாம் ஹந்தோகோ கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹந்தோகோ ஓவியன். அவன் படங்களில் மனுஷன் இருக்கமாட்டான், மரம் இருக்காது. நிறம் மட்டும்தான். விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து, வெயில் ஏறும்வரை தூரிகையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பான். அப்புறம் தரையில் விரித்த கேன்வாஸில் பூசுவான், காய்வதற்குள் கந்தலால் துடைப்பான், கரண்டியால் சுரண்டுவான், மறுபடி பூசுவான்.

'இந்த நிறமெல்லாம் எங்கிருந்து வருகிறது?' என்று போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

'மெராபி உச்சியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் உள்ளேயிருந்து வரும்' என்றான்.

மெராபிக்கு அவன் போனது ஒரே தடவை. பாதி வழியில் வாந்தியெடுத்துத் திரும்பிவிட்டான். நிறமெல்லாம் வந்தது அந்த எதிர்வீட்டுச் சுவரிலிருந்துதான். பெருநாள் கழிந்ததும் கண்காட்சி. நடுவில் மாட்ட வேண்டிய பெரிய படம் பாதியில் கிடந்தது.

சுவர் போனால் படமும் போச்சு.

"ஹந்தோகோ! நீதான் பிரஷ்காரன். வந்து முதல் பூச்சை நீயே போடு!" என்று சர்ஜோனோ கூப்பிட்டார்.

ஹந்தோகோ இறங்கி வந்தான். "பெருநாள் முடிஞ்சு பார்த்துக்கலாமே, தலைவரே?"

"பந்தி முடிஞ்சப்புறம் இலை போடச் சொல்றியா?"

"அவருக்கென்ன, மலை உச்சியில கண்ணை மூடிக்கிட்டு இருக்கிறவரு," என்றான் துகிரான். பத்திரிகையில் வந்ததை அவன்தான் தெரு முழுக்கப் படித்துக் காட்டியிருந்தான். "இந்த அசிங்கம் எங்க கண்ணுலதானே விழுது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹந்தோகோவும் சிரித்தான். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

"ஏன், என் கண்ணுல விழலையா? ஜன்னலைத் திறந்தா இந்தத் தரித்திரத்துலதானே முழிக்கிறேன்! ஒரு வாளி சுண்ணாம்புக்குக்கூடவா மனசு வராது, வகிராம்மா?"

வகிராம்மாவின் கை நின்றது. அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி. ஹந்தோகோ தம்பி பூசட்டும். நான் தடுக்கமாட்டேன். வேற எவனாவது கை வெச்சீங்க, நடக்கிறதே வேற."

தூரிகை அவன் கைக்கு வந்தது. சுண்ணாம்பில் தோய்த்தான். தூக்கினான்.

ஜன்னல் கம்பியிலிருந்து துரு ஒரு கோடாக வழிந்திருந்தது. அதன் ஓரத்தில் பச்சை. பச்சைக்குள் ஒரு சாம்பல். அந்தச் சாம்பலைத்தான் அவன் இரண்டு வாரமாகச் சுரண்டிச் சுரண்டித் தேடிக்கொண்டிருந்தான்.

தூக்கிய கை இறங்கவில்லை. சுண்ணாம்பு சொட்டி அவன் காலில் விழுந்தது.

"என்னால முடியாது, தலைவரே."

"ஏம்ப்பா? நோன்பு மயக்கமா?"

"இந்தச் சுவத்தைப் பார்த்துத்தான் நான் வரையறேன். இத்தனை வருஷமா இதைப் பார்த்துத்தான்."

"அப்போ மெராபி?"

"அங்க போனப்போ வாந்திதான் வந்துச்சு."

துகிரான் ஏணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சர்ஜோனோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

"பாசி பிடிச்ச சுவத்துக்காடா பத்திரிகையில அரைப்பக்கம்? சரி சரி, படத்தை முடி. வாளி இங்கேயே இருக்கட்டும்."

இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

மானம் போனாலும் ஹந்தோகோவுக்கு மூட்டை இறக்கினாற்போல இருந்தது. பெருந்தன்மை பொங்கியது.

"வகிராம்மா, உங்க கஞ்சத்தனம்தான் எனக்குச் சோறு போடுது. அதுக்குப் பதிலா இதை மட்டும் விட்டுட்டு மத்த மூணு பக்கமும் நானே வெள்ளையடிச்சுத் தர்றேன்."

"வேணாம் தம்பி."

"செலவு என்னுது. நீங்க சும்மா இருங்க!"

வாளியைத் தூக்கிக்கொண்டு, மூங்கில் புதரை விலக்கி வீட்டின் பக்கவாட்டுக்குப் போனான். அங்கிருந்து பின்பக்கம். அங்கிருந்து அந்தப் பக்கம்.

மூன்று சுவர்களும் பாலில் குளித்தாற்போல இருந்தன. புதுச் சுண்ணாம்பின் வாசனைகூட இன்னும் போகவில்லை.

திரும்பி வந்தபோது வகிராம்மா பின்னி முடித்த கூடுகளை மடியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எப்போ அடிச்சீங்க?"

"வருஷா வருஷம் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே அடிச்சிடுவேன்."

"அப்போ தெருப்பக்கம் மட்டும் ஏம்மா...?"

வகிராம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பக்கந்தானே தம்பி உன் ஜன்னல் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.