மழை பெய்யாத ஊருக்குச் சம்பந்தம்

"மழையே பெய்யாத ஊருக்கா அனுப்பச் சொல்றீங்க?"

சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். ஒன்றே ஒன்று பெற்று, கண்ணுக்குள் வைத்து வளர்த்தாயிற்று. உத்திரமேரூரைத் தாண்டினால் காஞ்சிபுரம், மிஞ்சிப் போனால் திருப்பதி. அதற்குமேல் உலகம் இருப்பதையே அவள் இன்றுவரை பொருட்படுத்தியதில்லை.

புள்ளலூரிலிருந்து குடும்பத்தோடு சம்பந்தம் பேச வந்திருந்த தினகரன் அசரவில்லை.

"சிலின்னு பேருங்க. ஒல்லியா, நீளமா கீற நாடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். வடக்கால மட்டும்தான் பாலைவனம். தெக்கால போனா மழை, திராட்சைத் தோட்டம் எல்லாம் கீது."

"பாலைவனத்துல இன்னா பொழப்பு?" என்றார் அவள் கணவர் வீராசாமி. விவசாயி கேட்கிற கேள்வி.

"செம்புங்க. அங்கேர்ந்துதான் ஊர் ஒலகத்துக்கே போவுது. சொரங்கத்துக்குத் தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி, சுத்துப்பட்டு ஊரெல்லாம் காஞ்சி போச்சு."

"நம்ம பாலாத்து மணல அள்ளுன கதைதான்!" வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

தினகரனின் மனைவி சசிரேகாவுக்கு வேறு கவலை. "சமைக்கத் தெரியுமா?"

"மீன் கொயம்பு வச்சா தெருவே மணக்கும்," சொக்கம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆனா, இங்க பாத்துக்கினு கீற வேலைய வுட்டுட்டுப் போவணுமே?"

"வேற வயி இல்லீங்க. அங்க கீறது பெரிய வேலை. கடல் தண்ணிலேர்ந்து உப்ப நீக்கிட்டு, அந்தத் தண்ணிய பைப்புல மலை மேல ஏத்தறாங்க. காஞ்ச ஊருங்களுக்கு இப்ப அதான் குடிதண்ணி."

சொக்கம்மாள் நிமிர்ந்தாள். சித்திரை வெயிலில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவள் அவள். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற வேலையென்றால் சும்மாவா? மனசு குளிர்ந்துவிட்டது.

"எனக்குச் சம்மதம்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காபி எட்னு வரச் சொல்லட்டா?"

"சொல்லுங்க. சொந்தமா போட்ட காபிதானே?" என்று சசிரேகா சிரித்தாள்.

சமையலறைத் திரை விலகியது. தட்டில் டம்ளர்கள் கிணுகிணுக்க, புது வேட்டி காலைத் தடுக்க, குனிந்த தலை நிமிராமல் வந்து நின்றான் சுகுமார்.

தினகரனின் மகளும் சிலியில் தண்ணீர் ஏற்றும் இன்ஜினியருமான பிரபா, ஒரு வாய் குடித்துவிட்டு, "கவலப்படாதீங்க அத்தை, உங்க புள்ளைய கண் கலங்காம பாத்துக்கறேன்!" என்றாள்.